ஒரு பெட்டிப் பூட்டுகள்

1934ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி, திங்கட்கிழமை, பகல் ஒன்றேகால் மணி. பலாங்கொடைக்கு மேலேயுள்ள மலைகளில் விடியற்காலையில் பிடித்த மழை அதுவரை விடவில்லை. காற்று அதனைச் சாய்த்து அடித்தபடியால், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான பழைய லயத்தின் தகரக் கூரைக்கு வெளியே நீண்டிருந்த ஒரு முழ இறவாரம் இருந்தும் இல்லாததாயிற்று. அதன் கீழ், பூட்டிய கதவுகளில் முதுகை ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் குந்தியிருந்தார்கள்.

பஞ்சவர்ணம் பறித்த தேயிலைக் கொழுந்தைப் பகல் நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு மறுபடியும் மலையேறுமுன் லயத்துப் பக்கம் ஓடி வந்திருந்தாள். அவள் மகள் பவளம் தங்கள் அறையான நான்காம் காம்பராவின் வாசலில் சிலேட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். சிலேட்டில் எழுதியிருந்த கணக்கு கரைந்து, முழங்கை வழியாக வெள்ளையாக ஒழுகியது.

"தின்னியா?"

"ரொட்டி உள்ளதானேம்மா இருக்கு."

பஞ்சவர்ணம் கதவைப் பார்த்தாள். ரொட்டியைச் சுட்டவள் அவள். தட்டைக் கவிழ்த்து மூடியவள் அவள். கதவைப் பூட்டியவளும் அவள்தான். சாவிதான், ஆட்களை வேலை வாங்குகின்ற பெரிய கங்காணி காத்தமுத்துவின் வீட்டுச் சுவரில், ஒரு பலகையில், நான்காம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாலை நிறுவை முடிந்த பின்னரே அது அவள் கைக்கு வரும். அதுவரைக்கும் பிள்ளை மழைக்கு, ரொட்டி எலிக்கு.

அந்தத் தோட்டத்து லயங்களுக்குப் பூட்டு வந்ததே அவ்வாண்டு தைப்பொங்கலுக்குப் பின்னர்தான். அதற்குமுன் கதவைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில், ஒருநாள் காத்தமுத்து ஒரு பெட்டியைத் திறந்து, காம்பராவுக்கு ஒரு பூட்டும் சாவியுமாகக் கொடுத்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் தயவு என்றார். பூட்டின் முதுகில் காம்பரா நம்பர் வெள்ளைச் சாயத்தால் எழுதப்பட்டிருந்தது. ஆட்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தேயிலைக்குள் விழுந்த சாவியைத் தேடி எடுக்க முடியாது. ஆகவே, எல்லாருக்கும் முன்னதாக வீடு திரும்புகின்ற பிள்ளையிடம் அதனைக் கொடுப்பது வழக்கமாயிற்று. வகுப்பில் சாவிகள் கிலுங்குவது பாலசுப்பிரமணியம் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. மேசைமேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, வந்தவுடன் அனைவரும் அதில் போடவேண்டும் என்றார். சித்திரையில் ஒருநாள் பவளம் சாவியில்லாமல் வீடு வந்தாள். அதே வாரத்தில் மூன்றாம் காம்பராவிலிருந்து வீராயியின் பித்தளைக் குடம் காணாமற்போயிற்று.

இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று காத்தமுத்து தீர்ப்புச் சொன்னார். நான்காம் கதவின் சாவி மூன்றாம் கதவை எவ்வாறு திறந்தது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் பிரட்டில், எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் நான்காம் நம்பர்ப் பூட்டைக் கயிற்றில் கோத்து மாட்டி, கடைசிப் பெயர் கூப்பிடும்வரை நிறுத்திவைத்தார்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. பொறுப்பில்லாத புள்ளைக்கு இதுதான் அட்டியல்" என்றார்.

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்பது பஞ்சவர்ணத்துக்கு இன்றுவரை வரிசையாக நினைவிருந்தது. பிறகு காத்தமுத்து தம்மிடமிருந்த மாற்றுச் சாவியொன்றை நான்காம் காம்பராவுக்குக் கொடுத்தார். வைகாசியில் புதிய உத்தரவு வந்தது: பிள்ளைகள் தொலைப்பதால், காலையில் எல்லாச் சாவிகளும் கங்காணியின் பலகைக்கு வரவேண்டும், பெரிய ஆள் கையில் மட்டுமே, மாலையில் மட்டுமே, திரும்பக் கொடுக்கப்படும்.

"நீ அன்னைக்கு அதத் தொலைக்காம இருந்திருந்தா, இன்னைக்கு இத்தன புள்ளைங்களும் இப்படி நனையுமாடி?" என்றாள் பஞ்சவர்ணம். கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போக வழியில்லாமல் பக்கத்தில் நின்ற பிள்ளைமேல் விழுந்தது.

"நான் தொலைக்கலம்மா. நான் கடைசியாப் போனேன். செரட்டை காலியா இருந்துச்சு."

"உன் சாவிய வேற எவ எடுப்பா?"

"யாருடையதுன்னு பாத்தா எடுப்போம்? கைக்கு வந்தத எடுத்துக்கிட்டு ஓடியாருவோம்."

"அப்ப கதவு எப்படித் தெறந்துச்சு?"

பவளம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். சாவியைப் பற்றி அம்மாவுக்கு இவ்வளவுகூடத் தெரியாதா என்ற வியப்பு அவள் முகத்தில் இருந்தது.

"சாவி போட்டாத் தெறக்கும்தானேம்மா. எந்தச் சாவி போட்டாலும் தெறக்கும்."

மற்றப் பிள்ளைகளும் ஆமென்று தலையாட்டினார்கள். பூட்டென்றால் அப்படித்தான் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து கயிறு கட்டிய கதவையே பார்த்த பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தெரியும்? பெரியவர்களுக்கும் அதுவே முதற்பூட்டு. ஆனால் பெரியவர்கள் மாலையில் தத்தம் சாவியைத்தான் வாங்கினார்கள். அடுத்தவர் சாவியைத் தங்கள் கதவில் நுழைத்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு தேவையும் வரவில்லை.

அன்று மாலை, சாவிகள் பலகையிலிருந்து இறங்கி வந்தவுடன், பஞ்சவர்ணம் தன் கதவைத் திறக்கவில்லை. நேரே மூன்றாம் காம்பராவுக்குப் போய், வீராயி பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவள் பூட்டில் தன் சாவியை நுழைத்துத் திருகினாள். பூட்டு வாயைத் திறந்தது. ஏழாம் கதவு திறந்தது. பதினோராம் கதவும் திறந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கூடி, ஒருத்தி சாவியை மற்றவள் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் அது வேடிக்கையாகவே இருந்தது.

"அடி, ஒன் காம்பராவுக்குள்ள நான் வந்து கருவாடு திருடித் தின்னாக்கூடத் தெரியாது போல!"

"தின்னது நீதானா? நான் பூனைய அடிச்சேனே!"

வீராயி மட்டும் சிரிக்கவில்லை. "என் கொடம்" என்று ஒரே சொல்லைச் சொல்லிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பின்னர் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒரு சாவி வச்சிருக்கவன் எல்லாக் கதவுக்கும் சாவி வச்சிருக்கான்" என்றாள் பஞ்சவர்ணம். "மாத்துச் சாவி வச்சிருந்தவருக்கு, பலகையில எல்லாச் சாவியும் தொங்குறதுக்கு முந்தியே அப்படித்தான்."

"மெதுவாப் பேசு" என்றான் அவள் கணவன் ராஜதுரை. தேயிலைச் செடி வெட்டுகின்ற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் அதனை நிறுத்தியிருந்தான். "சொவருக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும். பேருலயாவது தொரைன்னு வச்சிருக்கீங்க, கொஞ்சம் நிமிந்து ஒக்காருங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பலாங்கொடைக் கடைவீதிக்கு இறங்கினாள். ஆணி, அரிக்கன் விளக்கு, மண்வெட்டி, பூட்டு எல்லாம் விற்கின்ற மர்சூக் முதலாளியின் கடையில் போய், மடியிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பூட்டு ஒண்ணு வேணும் முதலாளி. இந்தச் சாவி நுழையாத பூட்டா இருக்கணும்."

"கள்ளன் நுழையாத பூட்டுக் கேட்டு வருவாங்க" என்றார் மர்சூக். "சாவி நுழையாத பூட்டுக் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்." சாவியைத் திருப்பிப் பார்த்தவுடன் அவர் சிரிப்பு குறைந்தது. "இது நம்ம கடச் சரக்கு. ஒரு பெட்டிக்கு ஒரே சாவி. பெட்டி மாறினா சாவி மாறும். சீமைல அப்பிடித்தான் செஞ்சு அனுப்புறாங்க."

"தெரிஞ்சுதான் வித்தீங்களா?"

"கேட்டதக் குடுத்தேன்."

கடைக்கும் வீட்டுக்கும் இடையில் தொங்கிய சீலைக்கு அப்பாலிருந்து அவர் மனைவி ஸபியாவின் குரல் வந்தது. "சொல்றத முழுசாச் சொல்லுங்களே. கங்காணியார் வந்த அன்னைக்கி நீங்க நாலு பெட்டி எறக்கி வெச்சீங்க. கலந்து எடுத்தா பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வேற வேற சாவியா ஈக்குமெண்டு சொன்னீங்க. அவருதானே வாணாமெண்டார். ஒரே பெட்டியே தாங்க, ஒரே சாவியா ஈக்கணுமெண்டார்."

"ஸபியா, நீங்க உள்ளுக்கு வேலயப் பாருங்க."

"உள்ளுக்குத்தான் ஈக்கிறேன். காதுதான் வெளிய ஈக்கி." சீலை சற்றே அசைந்தது. "தங்கச்சி, ஒங்கட தோட்டத்து வாத்தியாரும் கூடத்தானே வந்தார். அந்த மர வாங்குல குந்தி, தூரிகையால நம்பர் எழுதினார். தேத்தண்ணி அனுப்பினது நான்தான்."

பஞ்சவர்ணம் வேறொரு பெட்டியிலிருந்து ஒரு பூட்டை வாங்கிக்கொண்டாள். பழைய சாவியை அதில் நுழைத்துப் பார்த்து, அது பாதியில் நின்றதை மும்முறை உறுதிப்படுத்திய பின்னரே கடையைவிட்டு இறங்கினாள். மலையேறுகின்ற வழி நெடுகிலும் அவள் காத்தமுத்துவை நினைக்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பது அவளுக்குப் பழைய செய்தி. அவள் நினைத்தது வாத்தியாரை.

பாலசுப்பிரமணியம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அறையில், வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரய்யா, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவின்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் ஈர வேட்டியின் சுருக்கத்தை நீவினார். "தொலைந்தால் திறக்க வசதியாக இருக்கும் என்று கங்காணியார் சொன்னார். நானும் அப்படியே நினைத்தேன்."

"அப்ப, தொலைஞ்சா ஒண்ணும் மோசமில்லன்னு மொதல்லயே தெரியும்."

"பஞ்சவர்ணம், நிதானமாகப் பேசு."

"எம் புள்ள கழுத்துல பூட்டுத் தொங்குனப்ப நீங்க பிரட்டுக்களத்துல எங்க நின்னீங்க?"

"இரண்டாம் வரிசையில்."

"வாய் எந்த வரிசையில நின்னுச்சு?"

அவர் வேட்டியின் மறுமுனையை இழுத்துவிட்டார். பள்ளிக்கூடம் தோட்டத்தினுடையது, அறை தோட்டத்தினுடையது, கொடிக்கயிறு கட்டியிருந்த மரமும் தோட்டத்தினுடையது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததனால் கோபம் தணியவில்லை. தன் காம்பராவும் தோட்டத்தினுடையதுதானே என்று அது இன்னும் ஏறியது.

"நாளையிலேருந்து எம் புள்ள சாவி அந்தச் செரட்டையில விழாது. இடுப்புலதான் இருக்கும். கிலுங்காமத் துணியில தச்சுக் குடுக்கிறேன். ஒங்களுக்கு ஒரு வேலைதான். பள்ளிக்கூடம் விடுறப்ப, மூணைத் தொடச் சொல்லுங்க: சாவி, சிலேட்டு, மழைச்சாக்கு. தொட்டவுங்கதான் வாசலத் தாண்டணும். தொடாத புள்ள நின்னு தேடட்டும். அடிக்க வேணாம், கழுத்துல எதையும் மாட்ட வேணாம்."

"இது பள்ளிக்கூடம். சாவிக்கடை இல்லை."

"செரட்டை வச்சப்ப அது ஒங்களுக்குத் தெரியல போல" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

அன்று மாலை அவள் பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒரு சிறு பை தைத்தாள். பையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துத் தைத்தாள். சாவியை வெறுமனே அதற்குள் போட்டால், கதவடியில் எடுத்த பிள்ளை எங்கேயாவது வைத்துவிடும். ஆகவே, சாவியை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையையும் நாடாவில் முடிந்தாள். பவளத்தைக் கதவுக்கு நேரே நிறுத்தி, இடுப்பிலிருந்து பூட்டுக்கு எட்டுகின்ற அளவைப் பார்த்து, அதற்குமேல் நான்கு விரற்கடை விட்டு அறுத்தாள். பூட்டில் திருகும்போதும் சாவி பிள்ளையைவிட்டுப் பிரியாது.

"நான் கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கேன்" என்றாள் பவளம்.

"ஆடு நீயில்ல. சாவிதான் ஆடு. நீ முளைக்குச்சி."

திங்கட்கிழமை பிரட்டில் சாவி ஒப்படைக்கின்ற வரிசை நகர்ந்தது. பஞ்சவர்ணத்தின் முறை வந்தபோது அவள் பழைய பூட்டையும் பழைய சாவியையும் சேர்த்து நீட்டினாள்.

"என்னா இது?" என்றார் காத்தமுத்து.

"ஒங்க பூட்டு. எங்க கதவுக்கு வேற வாங்கிட்டோம். அதோட சாவி எம் மகக்கிட்ட இருக்கு."

"யாரக் கேட்டு?"

"கதவக் கேட்டு."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். காத்தமுத்து குரலை உயர்த்தவில்லை. உயர்த்தவேண்டிய தேவை அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. "பத்துச்சீட்டு எழுதச் சொல்றேன். புருசன், பொண்டாட்டி, புள்ள, மூணு பேரும் சட்டி பானையோட ரோட்டுல நில்லுங்க. அங்க கதவும் இல்ல, பூட்டும் வேணாம்."

பத்துச்சீட்டு என்பது தோட்டத்தைவிட்டு நீக்கியதற்குத் துரை கையெழுத்திட்டுக் கொடுக்கின்ற சீட்டு. அது கைக்கு வந்தால் அன்றே காம்பராவைக் காலிசெய்யவேண்டும். தேயிலை விலை விழுந்து கிடந்த அந்த ஆண்டுகளில் வேறு தோட்டத்தில் இடமும் கிடைக்காது. ராஜதுரையின் முகம் வெளுத்தது.  ஆனாலும் நீட்டிய கையைப் பஞ்சவர்ணம் மடக்கவில்லை. காத்தமுத்து பூட்டை வாங்கிக்கொள்ளும்வரை அப்படியே நின்றாள். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தத்தம் சாவிகளைக் கொடுத்தார்கள்.

அன்று பகலும் மழை. பவளம் இடுப்புக் கயிற்றை இழுத்து, கதவைத் திறந்து, லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் உள்ளே கூப்பிட்டாள். மாலையில் தாய்மார் வந்து பார்த்தபோது, பத்தடிக் காம்பராவுக்குள் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராக, காய்ந்த தலையோடு தூங்கிக்கிடந்தார்கள். ரொட்டி ஒரு துணுக்குக்கூட மிஞ்சவில்லை. யாரும் பஞ்சவர்ணத்துக்கு நன்றி சொல்லவில்லை. ஆனால் வீராயி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, கதவில் தொங்கிய பூட்டை நின்று பார்த்தாள்.

புதன்கிழமை பகலில் பவளம் வந்தபோது, கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று அவர்களுடையது. மற்றொன்றின் முதுகில் நான்கு என்று எழுதியிருந்தது. காத்தமுத்து காவற்காரனை அனுப்பி, மேலுங்கீழுமாக ஒரு சங்கிலியைக் கோத்து, பழைய பூட்டை அதன்மேல் போட்டிருந்தார். மாலையில் பஞ்சவர்ணம் வந்து அதனைப் பார்த்தாள். வாயில் வந்த சொற்களை இங்கே எழுதுவதற்கில்லை. லயம் முழுவதும் வெளியே வந்து நின்றது.

"நாளைக்குப் போயி கால்ல விழுவோம்" என்றான் ராஜதுரை.

அப்போது வீராயி, பலகையிலிருந்து சற்றுமுன் வாங்கி வந்த தன் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். நான்காம் நம்பர்ப் பூட்டில் நுழைத்துத் திருகினாள். சங்கிலி சலசலவென்று கீழே விழுந்தது.

"அவரு வாங்கித் தந்த சாவிதான்" என்றாள்.

சிரிப்பு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. ராஜதுரைகூடச் சிரித்துவிட்டு, பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

அடுத்த நாள் தொடக்கம் அந்த லயத்துத் தாய்மார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. திரும்பிவர வீடில்லாத பிள்ளை எங்கே போனாலென்ன என்று மலைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். மற்ற லயத்தாரும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்படியே செய்தார்கள். பவளம் மட்டும் முரண்டினாள். அவளுக்குப் பெருக்கல் வாய்பாட்டில் எட்டாவது தொடங்கியிருந்தது.

"எனக்குத்தான் வீடு தெறக்குதே, நான் போறேன்."

"நீ போனா, ஒங்காத்தாளுக்கு மட்டும் கதவு வேணுமாமுன்னு பேச்சு வரும். இரு."

"எத்தன நாளைக்கு?"

"அவுங்களுக்குச் சுடுற வரைக்கும்."

சுட்டது. பிள்ளைகளின் வரவைப் பார்த்தே அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு உதவிப்பணம் கொடுத்துவந்தது. பரிசோதகர் வருகின்ற மாதமும் நெருங்கியிருந்தது. வகுப்பிலோ கணக்கப்பிள்ளையின் மகனும், தேயிலை ஆலை டீமேக்கரின் இரண்டு பெண்களும் மாத்திரம் உட்கார்ந்திருந்தார்கள். துரைக்கு நியாயத்தில் எவ்வளவு பற்று இருந்தது என்று நமக்குத் தெரியாது. பரிசோதகரின் குறிப்பில் அவருக்குப் பற்று இருந்தது. ஒரு வாரம் கழித்து, தோட்டத்து அலுவலகமான கந்தோரின் வராந்தாவில் விசாரணை வைத்தார்.

துரை நாற்காலியில் இருந்தார். கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஐயா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். காத்தமுத்து தலைப்பாகையோடு ஒரு தூணருகில். பாலசுப்பிரமணியம் மற்றத் தூணருகில். படிக்குக் கீழே, மழையில், பஞ்சவர்ணமும் ராஜதுரையும். அவர்களுக்குப் பின்னால் வீராயியும் இன்னும் பல பெண்களும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள்.

"தோட்டத்துப் பூட்டை உடைச்சாங்க தொரைகளே" என்றார் காத்தமுத்து. "பிரட்டுல எதிர்த்துப் பேசுனா. புள்ளைங்களப் பள்ளிக்கூடம் போகவிடாம மறிச்சா. பத்துச்சீட்டுக் குடுத்தாத்தான் மத்ததுங்க அடங்கும்."

"உடைக்கல. தெறந்தோம்" என்றாள் பஞ்சவர்ணம். "பலகையக் கொண்டாரச் சொல்லுங்க சாமி. எந்தச் சாவிய வேணும்னாலும் எடுங்க. எந்தப் பூட்டுலயும் போடுங்க."

பலகையும், லயத்துக் கதவுகளிலிருந்து கழற்றிய சில பூட்டுகளும் வந்தன. துரை தாமே ஒரு சாவியை எடுத்து ஒரு பூட்டைத் திறந்தார்; இன்னொன்றைத் திறந்தார். மூன்றாவதைத் திறந்த பின்னர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்தமுத்துவைப் பார்த்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் தொரைகளே" என்றார் காத்தமுத்து உடனே. "துலுக்கன் கடையில வாங்குனது. எனக்கு எப்படித் தெரியும்?"

பஞ்சவர்ணம் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்வையைத் தம் செருப்பில் வைத்திருந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அங்கே நின்ற பெண்கள் எல்லாரும், காரணம் தெரியாமலே, அவள் பார்த்த திக்கைப் பார்த்தார்கள். கடைசியில் கிளாக்கர் ஐயாவும் பார்த்தார்.

பாலசுப்பிரமணியம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கடைக்காரர் வேறு வேறு பூட்டுகளைக் காட்டினார். ஒரே சாவியாக இருக்கவேண்டும் என்று கேட்டவர் கங்காணியார். நான் உடனிருந்தேன். நம்பர் எழுதியது என் கை."

அவ்வளவுதான் சொன்னார். 

காத்தமுத்து கைகளைக் கூப்பினார். "புள்ளைங்க தொலைக்கும்னுதான் தொரைகளே. தொலைச்சாலும் வீடு தெறக்கட்டும்னு ஒரு நல்ல எண்ணத்துலதான்."

"சரி" என்றாள் பஞ்சவர்ணம். அவள் குரல் தாழ்ந்தது. ராஜதுரை பயந்து அவள் முழங்கையைத் தொட்டான். "தொலைக்கும்னு தெரியும். தொலைச்சாலும் தெறக்க வழி வச்சிருந்தீங்க. அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. பெறகு எதுக்கு எம் புள்ள கழுத்துல பூட்டு மாட்டுனீங்க? பெறகு எதுக்கு எல்லாச் சாவியும் ஒங்க வீட்டு ஆணிக்குப் போச்சு? எந்தச் சாவியாலயும் தெறக்கும்னா, அதுல ஒண்ணு அந்தப் புள்ளைங்க கையில இருந்தா என்னா? மழைக்குப் பயந்து உள்ள போயிருமே, அதுவா ஒங்களுக்குக் கஷ்டம்?"

கிளாக்கர் ஐயா இதனை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். துரை காத்தமுத்துவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு முப்பது வருடமாக ஆள் சேர்த்துக் கொடுப்பவர் காத்தமுத்து. "முடிவு எழுதி வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

முடிவு வரவில்லை. ஒவ்வொரு நாளும் பிரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்த பின்னர் பஞ்சவர்ணம் கிளாக்கர் ஐயாவின் கையைப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது. எழுதி வருவது பத்துச்சீட்டுத்தான் என்று கணக்கப்பிள்ளை மலையில் சொல்லித் திரிந்தான். ராஜதுரை சட்டிகளைச் சாக்கில் கட்டினான். அவள் அவிழ்த்தாள். அவன் மறுபடியும் கட்டினான்.

"ரோட்டுல நிக்கிறப்ப எந்தக் கதவப் பூட்டுவ?" என்று ஒருநாள் கேட்டான். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

"போறதுன்னா போவோம். பலகையில சாவிய மாட்டிட்டு இங்க இருக்க மாட்டேன்."

ஜூலை பிறந்து இரண்டாம் திங்கட்கிழமை, மழை சற்று ஓய்ந்திருந்த விடியலில், கிளாக்கர் ஐயா பிரட்டுக்களத்துக்கு ஒரு தாளோடு வந்தார். காத்தமுத்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். பஞ்சவர்ணத்தின் பெயரைக் கூப்பிட்டபோது, கட்டிய சாக்கு மூட்டை வாசலில் இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. கால்விரல்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

கிளாக்கர் ஐயா ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். காம்பரா ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பூட்டு வாங்கிக் கொடுக்கப்படும். சாவி அந்தந்தக் குடும்பத்தாரிடமே இருக்கும். பள்ளிக்கூடம் போகின்ற பிள்ளையிடம் அதனைக் கொடுப்பதற்குத் தடையில்லை. மாற்றுச் சாவி கங்காணியிடம் இராது. வகுப்பு விடும்போது பிள்ளைகளின் சாவியும் உடைமைகளும் உண்டா என்று வாத்தியார் பார்ப்பார். பலகை இன்றே கழற்றப்படும். நான்காம் காம்பராவின் பத்துச்சீட்டுக்கான கோரிக்கை நிராகரிக்கப்படுகின்றது. இனிமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகின்றவர்களுடைய பெயர் வேலைப் பதிவிலிருந்து வெட்டப்படும்.

குடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. கழுத்தில் மாட்டிய பூட்டைப் பற்றியும் ஒன்றும் இல்லை. அவை எழுதப்படமாட்டா என்பது பஞ்சவர்ணத்துக்கு முன்னமே தெரியும். தெரிந்திருந்தும் கடைசி வரிவரைக்கும் காத்திருந்தாள். கோபம் அடங்குமென்று எண்ணியிருந்த இடத்தில் அது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"கையெழுத்து இருக்குங்களா?"

"இருக்கிறது. இதோ, துரையுடைய கையெழுத்து." கிளாக்கர் ஐயா தாளை அவளிடம் நீட்டினார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா குடுக்க வேணாம். தினமும் எங்க சாவிய வாங்குன கை எதுவோ, அந்தக் கை குடுக்கட்டும்."

 கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு காத்தமுத்துவைப் பார்த்தார். அன்றைய வேலை தொடங்க நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் தாளைக் காத்தமுத்துவிடம் கொடுத்தார்.

காத்தமுத்து அதனை இடது கையால் நீட்டினார். பஞ்சவர்ணம் கட்டிய கையை எடுக்கவில்லை. பவளம் வரிசையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் கூடைகளைத் தூக்காமல் நின்றார்கள், ஆண்களும் நின்றார்கள். காத்தமுத்து தாளை வலது கைக்கு மாற்றினார். கை முழுவதுமாக நீளும்வரை அவள் பொறுத்திருந்து, பின்னர் அதனை வாங்கிக்கொண்டாள்.